கூட உண்டு வளர்ந்தவன்

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று அவன் போனில் சொன்னபோது நான் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், துறையில் கட்டியிருந்த ஒரு இறால் படகில் நின்று வலையில் சிக்கிய நண்டுகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தேன். கையுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன. அவன் குரலில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பைக்கின் செயின் அறுந்துபோனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். வாரத்துக்கு மூன்று முறை மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள். போய்வந்தால் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். வாழைக்குலைக் கடையை அடைத்துவிட்டான்.

"நீ வரண்டாம். சொல்லணும்லா, அதான் சொன்னேன்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னால் வா என்று அர்த்தம். கிளம்ப முடிந்ததும் கிளம்பி ஊருக்கு வந்தேன்.

அவன் எனக்கு யார் என்று இங்கே எழுதியாக வேண்டும். ஊரில் இருந்தவரை அதை நான் யோசித்ததே இல்லை. தம்பி என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வது போதாது என்று சர்க்கார் சொன்ன பிறகுதான் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா மயிலாடியில் கல் கொத்துகிறவர். வெளி மாநிலத்தில் ஏதோ கோயில் வேலை கிடைத்தது. பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி, வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் அவருக்குப் பழக்கம். ஒரு மாதம் பிள்ளை இங்கே நிற்கட்டும் என்று என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாள் தகவல் வந்தது. பிறகு தகவலும் இல்லை, ஆளும் இல்லை. அவரை நான் குறை சொல்வதில்லை. ஆள் இருக்கிறாரா என்று தெரியாமல் எதைக் குறை சொல்வது.

அந்த வீட்டுக்காரியைத்தான் நான் அம்மை என்று கூப்பிடுகிறேன். அவளுக்கு ஒரே பையன், என்னைவிட ஒரு வயது இளையவன். இரண்டு பேருக்கும் ஒரே வட்டிலில்தான் கஞ்சி ஊற்றுவாள். நடுவில் பயறு, ஒரு ஓரத்தில் சாளைக் கறி. யார் பக்கம் மீன் அதிகம் என்று தினமும் சண்டை. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் அப்பா ஐயா வழியில் உள்ளவர், நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுப் பதி என்கிற அவர்கள் கோயிலுக்குப் போகிறவர். என்னையும் சபையில் சேர்த்துவிடலாமே என்று பாஸ்டர் கேட்டிருக்கிறார். அம்மை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்க அப்பன் ஒருநாள் வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டாளாம். அதனால் என் பெயர் அந்த வீட்டுப் பெயர்களோடு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவள் செய்தது மரியாதையான காரியம். அதுதான் பின்னால் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டினேன். லாரியில் கல் ஏற்றினேன். அரபு நாட்டில் பைப் தூக்கினேன், பிறகு அங்கேயே மீன்பிடி படகு. குளச்சல்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்து வரை போனேன். ஒரு இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியாது. ஏன் என்று கேட்டால் தெரியாது. இடையிடையே அந்த வீட்டுக்கு வருவேன். எப்போது வந்தாய், எப்போது போவாய் என்று அம்மை கேட்க மாட்டாள். தட்டு வைப்பாள்.

அந்த இறால் படகின் தலைவர் ஒரு தீவுக்காரர், அறுபத்தைந்து வயதுக்கு மேல். இஞ்சினைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கிழவர். வலை இழுக்க நானும் குளச்சல்காரரும். கிழவர்கள் இருவரும் தங்களுக்குள் கேலிக் என்கிற அந்தத் தீவுகளின் பழைய மொழியில் பேசுவார்கள். தொண்டையின் அடியிலிருந்து வரும் பேச்சு. எங்களிடம் ஆங்கிலம். இருவருக்கும் முகச்சாயல் கொஞ்சமும் இல்லை. தலைவர் ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பார், இஞ்சின்காரர் குட்டையாக, செம்பட்டை முடியோடு. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் தட்டில் இருந்து இன்னொருவர் கேட்காமல் எடுப்பார். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வட்டில் ஞாபகம் வந்தது.

நீங்கள் இருவரும் அண்ணன் தம்பியா என்று ஒருநாள் கேட்டேன். தலைவர் இல்லை என்றார். அப்படியானால் கூட்டாளிகளா என்றேன். அதற்கும் இல்லை. கோ-அல்த்த என்றார். என் காதில் அப்படித்தான் விழுந்தது. இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். அவர் உருளைக்கிழங்கைத் தோலோடு மென்றுகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். இங்கிலீஷ்காரர்களுக்கு அதற்கு ஒரு சொல் உண்டு, ஆனால் அது ஆபீஸ் சொல், வாயில் போட்டால் ருசி இல்லை என்றார். பிறகு விளக்கினார்.

அந்தக் காலத்தில் பெரிய நகரத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றித் தீவுகளில் உள்ள குடும்பங்களிடம் அனுப்பிவிடுவார்களாம். இஞ்சின்காரர் அப்படி வந்தவர். கழுத்தில் ஒரு அட்டையோடு துறையில் வந்து நின்றாராம். சில வீடுகளில் அப்படி வந்த பிள்ளைகளை மாடு மேய்க்கவும் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டவும் வைத்துக்கொண்டார்கள், அதையும் தலைவர் மறைக்காமல் சொன்னார். தன் தாயார் இருவருக்கும் ஒரே பானையில் இருந்துதான் ஊற்றினார் என்றார். அந்தத் தாயார் இறந்தபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளில் தலைமாட்டுக் கயிற்றை யார் பிடிப்பது என்று பேச்சு வந்ததாம். அவர்கள் ஊரில் அந்தக் கயிறு மூத்த பிள்ளைக்கு உரியது. இஞ்சின்காரர்தான் வயதில் மூத்தவர். அவரே பிடித்தார். ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "சொல்வதற்கு என்ன இருக்கிறது, அதற்குத்தான் சொல் இருக்கிறதே" என்றார் தலைவர்.

இஞ்சின்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தலைவருடைய மீன் துண்டை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை. வேலை இல்லாத நேரங்களில் போனில் தேடினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி புரியும், மீதியைத் தலைவரிடம் கேட்பேன். 'கோ' என்றால் கூட, சேர்ந்து. 'அல்' என்பது பழைய அயர்லாந்து மொழியில் ஊட்டு, உணவு கொடுத்து வளர் என்பது. ஆக, கூட ஊட்டப்பட்டவன். ரத்தம், வயிறு, வம்சம் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது. வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத் தனியாக 'தால்த்த' என்று ஒரு சொல். அதன் வேர் பால் குடிப்பது என்று சிலரும், இல்லை அதுவும் ஊட்டுவதுதான் என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை, எனக்கு என்ன தெரியும். வளர்த்தவளுக்கு 'முய்ம'. அது அம்மா என்று குழந்தை எழுப்பும் சத்தத்தில் இருந்தே வந்திருக்கலாம். இந்தச் சொற்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முய்ம பிறகு செவிலிக்கும், ஞானத்தாய்க்கும், சிற்றன்னைக்கும் போய்விட்டது. தால்த்த ஞானப்பிள்ளைக்கும், மாணவனுக்கும், செல்லப்பிள்ளைக்கும். வளர்த்த தகப்பனுக்கு உள்ள சொல் வாத்தியாருக்குப் போயிற்று.

பழைய நாட்களில் குலத்தலைவர்களின் பிள்ளைகளைத் தங்கள் குடிகளின் வீட்டில்தான் வளர்க்கக் கொடுப்பார்களாம். பிள்ளை ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டில் உண்டு வளர்ந்தால் இரண்டு வீடும் பிறகு சண்டைபோட முடியாது என்ற கணக்கு. சண்டை என்று வந்தால் குலத்தலைவரின் மகனுக்கு முன்னால் போய் நின்று வாள்வெட்டை வாங்குகிறவன் கூடப்பிறந்தவன் இல்லை, கூட உண்டவன்தானாம். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கும் என்று படகுத் தலைவர் கண்ணைச் சிமிட்டினார்.

லத்தீனிலும் இதே வேர் இருக்கிறது. அதில் இருந்து வந்ததுதான் 'அலும்னி' என்று போட்டிருந்தது. நாகர்கோவிலில் கல்லூரிச் சுவர்களில் அலும்னி சந்திப்பு என்று பேனர் கட்டியிருப்பதை லாரியின் மேலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் முதல் அர்த்தம் ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் என்பது. நான் எந்தக் கல்லூரிக்கும் அலும்னி இல்லை. ஒரு அடுக்களைக்கு மட்டும் அலும்னி.

இனி ஊரில் நடந்ததற்கு வருகிறேன்.

வந்து பார்த்தபோது அவன் பாதியாகியிருந்தான். முகம் மட்டும் ஊதியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே ஊசி போடும் இடம் புடைத்து நின்றது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கு கூடாது, வாழைப்பழம் கூடாது. வாழைக்குலை வியாபாரிக்கு வாழைப்பழம் கூடாது என்று சொல்லிச் சிரித்தான். மாற்றுக் கிட்னி வைத்தால் பிழைக்கலாம், வைக்காமல் இப்படியே ஓட்டினால் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அப்பா முன்பே இறந்துவிட்டார், அம்மைக்குச் சர்க்கரை. அவன் மனைவிக்கு ரத்த அழுத்தம். இருவரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். என்னுடையது ஓ குரூப். சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தியது.

அவனிடம் சொன்னபோது கோபப்பட்டான்.

"ஏலே, நீ ஊரு சுத்துகவன். ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு எங்கண போவ?"

"ஒனக்கு அது வேண்டாம்னா சொல்லு, வேற எவனுக்காவது குடுக்கேன்."

"போட்டு சவத்த" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். பெற்றவர்கள், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கணவன் மனைவி, இப்படி நெருங்கிய உறவு என்றால் சுலபம். அப்படி இல்லாதவர் கொடுப்பதானால் சட்டப்படி ஒரு குழு அனுமதிக்க வேண்டும். பாசத்தால் கொடுக்கிறேன், விற்கவில்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். உள்ளூரில் விசாரணை நடக்கும். நாங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னோம்: ரத்த உறவு இல்லை, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒரு காலை தாலுகா ஆபீஸில் இருந்து ஒருவர் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே தெருவில் நடந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே டீக்கடையிலும், எதிர்வீட்டிலும், முக்கு மளிகைக்கடையிலும் விசாரித்துவிட்டார். நாங்கள் உள்ளே இருந்தோம். யாரையும் தயார்செய்து வைக்கவில்லை. தயார்செய்தால் அது வேறு மாதிரித் தெரியும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார்.

தெரு முழுக்க ஒரே பதில் சொல்லியிருக்கிறது. சொந்த அண்ணன் தம்பிதான் சாரே. டீக்கடைக்காரர், ஒரே வயித்துல பொறந்த பயலுவ, எனக்குத் தெரியாதா என்றிருக்கிறார். மளிகைக்கடைக்காரர், மூத்தவன் கொஞ்சம் ஊதாரி, மற்றபடி நல்ல குடும்பம் என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவர்கள் யாரும் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. உதவி செய்வதாகவும் நினைக்கவில்லை. ஒரு வீட்டில் சோறு தின்று, ஒரு வீட்டில் அடி வாங்கி, ஒரு வீட்டுக்குத் திரும்பி வருகிறவனை எங்கள் தெருவில் வேறு என்ன சொல்வார்கள். என் அப்பாவைக் கண்ணால் பார்த்தவர்களே அங்கே இப்போது இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அவர்களும் அவரை மறந்துவிட்டார்கள்.

நகரத்தில் அந்தக் குழு எங்களைக் கூப்பிட்டது. நீளமான மேசை. பின்னால் நாலைந்து பேர், ஒருவர் டாக்டர் கோட்டில். பெஞ்சில் காத்திருந்ததிலேயே அவன் களைத்துவிட்டான். அவர்கள் கையில் இரண்டு விஷயம் இருந்தது. நாங்கள் சொன்னது, ரத்த உறவு இல்லை என்று. ஊர் சொன்னது, கூடப்பிறந்தவர்கள் என்று. தாய் தகப்பன் பெயர் வேறு வேறு. அவர்களில் மூத்தவர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். உங்களுக்காக அத்தனை பேரைப் பொய் சொல்ல வைத்தது யார்? ஏன்?

யாரும் சொல்ல வைக்கவில்லை சார், அவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன். நண்பர் என்றால் நண்பர் என்று சொல்லுங்கள், இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அண்ணன் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதை எதற்கு அத்தாட்சியாக எடுப்பது என்றார். அவர் சொன்னதும் சரி. கிழக்கே இருந்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மக்கா என்கிறார், டிக்கெட் எடுக்காதவனையும் மக்கா என்கிறார். அந்த நேரம் கேலிக் சொல் நாக்கின் நுனி வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் விழுங்கிவிட்டேன். கடலில் கேட்ட ஒரு சொல்லை வைத்து ஒருவன் வயிற்றைத் திறக்க யார் கையெழுத்துப் போடுவார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காசில்லாதவனைக் கூட்டிவந்து சித்தப்பா மகன் என்று நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறார்கள். என்னைப் போன்ற ஆள், நிரந்தர வேலை இல்லை, விலாசம் இல்லை, குடும்பம் இல்லை. விற்க வந்தவன் எப்படி இருப்பானோ அப்படித்தான் நான் இருந்தேன். இப்போது அனுமதி இல்லை, மறுபடி விசாரித்து வரட்டும் என்றுவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் அவன் ஜன்னலோரம் சாய்ந்து வந்தான். வள்ளியூர் தாண்டியதும், "அந்த டீக்கடை ஆசானுக்கு வாயி கொஞ்சம் நீளம்" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த நாட்களில் நான் செய்த வேலை, தெருவில் வீடு வீடாகப் போய், நான் இவனுக்குச் சொந்த அண்ணன் இல்லை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சியது. அதுமாதிரி ஒரு அலைச்சலை நான் எந்த ஊரிலும் அலைந்ததில்லை. டீக்கடைக்காரருக்கு வருத்தம்.

"அப்ப நாங்க பொய்யா சொன்னோம்?"

"பொய்யில்ல. ஆனா அப்பிடி சொல்லாதிய."

"உள்ளதச் சொல்லப்பிடாது, என்ன எளவு சட்டம்ல இது."

எதிர்வீட்டு மாமி ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஒங்க ரெண்டு பேருக்கும் சொறி வந்தப்ப வேப்பெண்ண தேச்சுவிட்டவ நான். எனக்குத் தெரியாதா யாரு யாருன்னு? நீ வெளியூருக்குப் போயி கெட்டுப் போயிட்ட" என்றாள். கடைசியில், யாராவது கேட்டால் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

ஆனால் முக்கியமானது அம்மை சொல்வது. முதல் தடவை அந்தத் தாலுகா ஆபீஸ்காரர் அம்மையிடம் நேராகக் கேட்கவில்லை, தெரு சொன்னதே போதும் என்று போய்விட்டார். இந்த முறை அவளிடம்தான் கேட்பார்கள் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னார். அவள் தன் வாயால், இவன் நான் பெற்றவன் இல்லை என்று சொல்ல வேண்டும். தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நான் சொல்லப் போனபோது அவள் பின்பக்கத்தில் சாளையின் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மீனைக் கழுவினாள். தண்ணீரை வாழைத்தூரில் ஊற்றினாள். சட்டியைக் கவிழ்த்தாள்.

"நான் அப்பிடி ஒரு நாளும் சொன்னதில்லல்லா" என்றாள்.

தெரியும் என்றேன். பிறகு வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அந்தத் தீவுக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் ஊரில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது, அங்கே உன்னை முய்ம என்பார்கள் என்றேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஊட்டி வளத்தவ."

"பெத்தவளுக்கு?"

"அதுக்கு வேற வார்த்தை."

"ரெண்டு வார்த்தை வச்சிருக்காவளா. வசதியான ஊருதான்" என்று மீன்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு அந்தச் சொற்களின் மேல் இருந்த மயக்கம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. கூட உண்டவன் என்று ஒரு சொல் இருந்தால், கூடப்பிறந்தவன் வேறு என்ற வேலியும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் அந்த வேலி இல்லை. வேலி இல்லாததால்தான் இப்போது அவனுக்குக் கிட்னி இல்லை. எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஆபீஸர்தான் மறுபடி வந்தார். அவருக்கும் அலைச்சல், முகத்தில் தெரிந்தது. நாற்காலி போட்டோம். தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான், அவன் மனைவி அவனுக்குப் பின்னால். நான் வாசலில். அம்மை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. அவர் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"இவன நான் பெறல சாரே. ஆறு வயசுல அவனுக்க அப்பன் கொண்டு விட்டான். அவனுக்குப் போட்ட சோத்துல இவனுக்கும் போட்டேன். அவன் நான் பெத்தது. இவன் அப்பிடி இல்ல. எழுதிக்கிடுங்க."

ஆபீஸர் எழுதினார். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தி, இவரை நீங்கள் யாராவது கட்டாயப்படுத்தினீர்களா, நீங்கள் கேட்டுத்தான் கொடுக்கிறாரா என்று கேட்டார்.

"நான் கேக்கல."

"ஒரு தடவ கூட?"

"ஒரு பிள்ளைக்காவ இன்னொரு பிள்ளைட்ட எப்பிடி சாரே கேப்பேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்றாள் என்று எழுதிவிட்டால் இன்னொரு தடவை நகரத்து மேசை, இன்னொரு தடவை வேண்டாம், அதற்குள் இவன் போய்விடுவான் என்று மனதில் ஓடியது.

ஆபீஸர் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு, "கேட்கவில்லைன்னு மட்டும் எழுதிக்கிறேம்மா" என்று சொல்லி எழுதி, அவளுடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு சில நாட்கள் அம்மை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைப்பாள், திரும்பிப் போவாள். கோபம் இல்லை. ஒரு பொருளைக் கீழே போட்டு உடைத்தவள் அந்த இடத்தைச் சுற்றி நடப்பதுபோல நடந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அவள் சொன்னது உண்மைதானே, எனக்குத் தெரியாத உண்மையா. ஆனாலும் அவள் குரலில் அதைக் கேட்ட பிறகு உடம்பில் ஒரு அசதி வந்து உட்கார்ந்துகொண்டது, காய்ச்சல் விட்ட பிறகு இருப்பதுபோல. பழைய நாளாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பேன். இப்போது போக முடியாது. அவனை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் வேண்டும்.

போன் வந்தது அப்படித் திரும்பி வரும் பஸ்ஸில்தான். மேம்பாலத்தை விட்டு இறங்கி, சாமியார்மடத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். அவன் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் கட்டு. ஆஸ்பத்திரிப் பெண் பேசினார். குழு அனுமதித்துவிட்டது, அடுத்த வாரம் இரண்டு பேரும் வந்து சேர வேண்டும், இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன என்றார். சரி மேடம் என்றேன். பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. அவன் தலை கம்பியில் இடித்தது, கண்ணைத் திறந்தான்.

"போன்ல யாரு?"

"ஆஸ்பத்திரி."

"என்னவாம்?"

"சரின்னுட்டாவ."

அவன் வெளியே பார்த்தான். ஒரு டெம்போவில் ரப்பர் ஷீட் அடுக்கிப்போனது.

"பொறவு நீ படகுக்குப் போவ முடியாதுல்லா?"

"கொஞ்ச நாளைக்கி ஒண்ணும் தூக்கப்பிடாதாம்."

"அப்ப எங்கண கெடப்ப?"

"வீட்லதான்."

"நல்ல கதை. அம்மைக்கி ரெண்டு நோயாளி" என்று சொல்லி மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். அழகியமண்டபம் வருவதற்குள் தூங்கிவிட்டான். தக்கலையில் இறங்க வேண்டும். அதுவரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.